மூன்றாம் வரிசை

அமெரிக்காவிலிருக்கும் என் சிநேகிதரின் பிள்ளை எழுதுகிறான்: "மாமா, குடும்பத்துக்கு மின்சாரக் கார் வாங்கவேண்டும். கியா ஈவி9-ஆ, ஹூண்டாய் ஐயோனிக் 9-ஆ?"

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்விதானா இது! இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1998-ல் கியாவைத் தன் வசமாக்கிக் கொண்டது ஹூண்டாய். இரண்டு வண்டிக்கும் அடித்தளம் ஒன்றே. 2023-ல் வந்த கியாவின் பெரிய பாட்டரி 99.8 கிலோவாட் மணி. 2024-ல் அறிமுகமான ஐயோனிக்கினுடையது 110.3. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளத்தில் வித்தியாசம் 3 சென்டிமீட்டர். இதற்கா மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொள்வது?

நான் கேட்பது வேறு. மூன்று வரிசை என்றுதானே 'குடும்ப வண்டி' என விளம்பரம் செய்கிறார்கள்? அந்தக் கடைசி வரிசையில் உட்காரப்போவது யார்? நடுவில் குழந்தைகள். அப்படியானால், முழங்கால் வலிக்கார உன் அம்மாதானே குனிந்து நுழையவேண்டும்?

அவளைக் கடைக்கு அழைத்துப் போ. இரண்டிலும் பின்னால் ஏறி இறங்கச் சொல். எதில் முனகாமல் இறங்குகிறாளோ, அதை வாங்கு. இரண்டிலும் முனகினால் அவளை முன்னால் உட்கார வை. உன் மனைவி ஓட்டட்டும். நீ பின்னால் போய் உட்கார்!