நாடகத்துக் கொடியோர்

நாடகம் எழுதப் புகும் நம் மாணவ நண்பர்கள் தலைவனுக்குச் சகல நற்குணங்களையும் வாரி வழங்கிவிட்டு, தீயோனுக்குப் பெரியதொரு மீசையை மட்டும் கொடுக்கின்றனர். புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையவர்களிடம் இசை பயின்ற சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இவ்வழிச் சென்றாரல்லர். இரணியன், யமன், சனீசுவரன் என்னும் வேடங்களைத் தாமே தாங்கியவர் அவர். அவரது வேடங்கண்டு அஞ்சிய மாதொருத்திக்குக் கருச் சிதைந்ததென்றும், அதுமுதல் அவர் வேடம் புனைதலை ஒழித்தாரென்றும் கூறுவர், கதையோ மெய்யோ!

அரிமளம் முதலிய ஊர்களின் திருவிழா மேடைகளுக்குப் பழகிய அவரது சத்தியவான் சாவித்திரியை நோக்குக. யமன் கொடியனல்லன், தன் கடமையைச் செய்பவன். அவன் வாதம் வலியதாயிருத்தலாலன்றோ சாவித்திரியின் வெற்றி வெற்றியாகின்றது? அவனை மூடனாக்கின் அவள் யாரை வென்றாளாவாள்? சத்தியவானோ அவ்வாதம் நிகழுங்கால் உயிரின்றிக் கிடக்கின்றான். அவனைக் கதாநாயகனென்பது எனக்கு நகையையே விளைக்கின்றது.