வாசல் ஓரிடம், வீடு வேறிடம்

வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்த்த தலைமுறைக்கு ‘ஈவில் டெட்’ மறந்திருக்காது. காட்டுக்குள் தனியாக ஒரு மரவீடு. தரையில் ஒரு மூடி. திறந்தால் கீழே இருட்டான பாதாள அறை. கதாநாயகன் விளக்கோடு இறங்குகிறான். அவன் மூடியைத் திறப்பது அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில். கீழே போய்த் தரையில் நிற்பது பல நூறு கிலோமீட்டர் வடக்கே, மிஷிகன் மாநிலத்தில். இடையில் ஒரு பருவமே மாறிவிட்டது என்பது பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பயம் பறந்துபோயிருக்கும்.

எடுத்தவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள். 1979 நவம்பரில் படப்பிடிப்புத் தொடங்கியபோது இயக்குநர் சாம் ரெய்மிக்கு வயது 20. படிப்பைப் பாதியில் விட்டவர். நடித்தவர் நண்பர் ப்ரூஸ் கேம்ப்பெல், தயாரித்தவர் இன்னொரு நண்பர் ராப் டேப்பர்ட். சொந்த ஊரான மிஷிகனை விட்டுக் கிளம்பியதற்குக் காரணம் குளிர். தெற்கே போனால் பிழைக்கலாம் என்பது கணக்கு. அந்த வருடம் பார்த்து டென்னஸியிலும் குளிர் வாட்டி எடுத்தது. ஆறு வாரம் என்று போட்ட திட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுத்தது. ஒப்புக்கொண்ட வாரங்கள் முடிந்ததும் நடிகர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சிய சிலர் கடைசி நாட்களில் மரச்சாமான்களை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். இத்தனைக்கும் அந்த மரவீட்டில் பாதாள அறை என்று ஒன்று கிடையாது. ஏணி வைத்து இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டினார்கள், அவ்வளவுதான். கல்சுவரும் ஈரமும் உள்ள நிஜ அறை, மிஷிகனில் டேப்பர்ட் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணைவீட்டின் அடியில் இருந்தது.

போய்விட்ட நடிகர்களை என்ன செய்வது? நண்பன் ஒருவனின் கை, தம்பி டெட் ரெய்மியின் முதுகு, யாருடைய காலோ. இவர்களுக்குப் படத்தின் டைட்டிலிலேயே ஒரு பட்டம் கொடுத்தார்கள்: ‘போலி ஷெம்ப்’. ‘த்ரீ ஸ்டூஜஸ்’ நகைச்சுவைக் குழுவின் ஷெம்ப் ஹோவர்ட் 1955இல் திடீரென்று இறந்தபோது, பாக்கியிருந்த குறும்படங்களை ஜோ பால்மா என்ற நடிகரின் முதுகைக் காட்டியே முடித்தார்கள். சிறு வயதில் அதைக் கண்டுபிடித்துச் சிரித்த பையன்கள், தங்களுக்கு முடை வந்தபோது அதையே தொழில்நுட்பமாக்கினார்கள்.

இந்தியாவிலும் மாணவர்கள் கையில் கேமரா கிடைத்ததும் முதலில் நினைப்பது த்ரில்லரைத்தான். காரணம் ரசனை மட்டுமல்ல, பட்ஜெட்டும்கூட. ஒரு வீடு, ஒரு இரவு, மூன்று பேர், ஒரு கத்தி. பாட்டு வேண்டாம், கூட்டம் வேண்டாம். சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்துக் கோடம்பாக்கத்தை அசத்திய பிறகு, தமிழ்நாட்டில் இந்த ஆசைக்கு ஒரு முன்னுதாரணமும் கிடைத்துவிட்டது. புனே திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்காவது பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகம் இருக்கிறது. 1960இல் கல்லூரி தொடங்கப்பட்டதே அங்கேதான். மற்றக் கல்லூரிகளில் விஸ்காம் படிப்பவர்களுக்கு இருப்பது யாரோ ஒருவரின் சித்தப்பா வீடு.

சித்தப்பாவிடமிருந்து போன் வருவது, பாதிப் படம் முடிந்த பிறகுதான். மேல் மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று, வெள்ளையடிக்க வேண்டும். அல்லது ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலில் பளீரென்று லைட் அடித்ததைப் பார்த்துவிட்டு அடுக்குமாடி சங்கச் செயலாளர் எகிறுகிறார். அல்லது வீட்டில் கல்யாணப் பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் சிவப்புச் சாயக் கறையைப் பார்த்தால் நன்றாக இருக்குமா? சித்தப்பா மேல் தப்பில்லை. எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. “வேற எங்கயாவது எடுத்துக்கங்கப்பா” என்கிறார் அவர், அது ஏதோ அரை மணி வேலை என்பதுபோல.

அன்று இரவு குழு கூடி உட்கார்ந்து பட்டியல் போடுகிறது. பெரும்பாலும் அந்தப் பட்டியல் தப்பாகத்தான் இருக்கும். பழைய வீட்டில் எடுக்காமல் விட்ட காட்சிகளை மட்டும் புது வீட்டில் எடுத்தால் போதும் என்று முதலில் தோன்றும். அடுத்த நாள் பயம் வந்து, எல்லாவற்றையும் மறுபடி எடுக்கவேண்டும் என்று தோன்றும். இரண்டுமே பணத்தையும் நண்பர்களையும் இழக்கும் வழி. மறுபடி எடுக்க வேண்டியது என்னவோ, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கடக்கும் ஷாட்டுகளைத்தான். கதவைத் திறப்பது, படியேறுவது, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது. இரண்டு வீடுகளும் ஒட்டிக்கொள்வதோ பிய்ந்து தொங்குவதோ அங்கேதான். நாற்காலியில் உட்கார்ந்து இருவர் பேசும் நெருக்கமான ஷாட்டுகளை எந்தச் சுவர் முன்னாலும் வைத்துக்கொள்ளலாம். சுவர் பேசப்போவதில்லை.

இது குடும்பப் படமாக இருந்தால் ரசிகர் கொஞ்சம் மன்னிப்பார். த்ரில்லரில் அவர் மன்னிக்கமாட்டார், ஏனென்றால் அங்கே அவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வீட்டின் வரைபடத்தை மனதுக்குள் போட்டுக்கொண்டே வருகிறார். சமையலறை இடது பக்கம், பின்கதவு அதற்கு அப்பால், மாடிப்படி முன்வாசலுக்கு நேர் எதிரே. கொலைகாரன் பின்கதவு வழியாக வந்துவிட்டான், பெண் மாடியில் இருக்கிறாள் என்றால், அந்த வரைபடம்தான் பயம். ‘ரியர் விண்டோ’வுக்காக ஹிட்ச்காக், எதிர் வீடுகளோடு ஒரு முற்றத்தையே பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் கட்ட வைத்தது இதனால்தான். 1954இல் வந்த அந்தப் படத்தில் எந்த ஜன்னல் எங்கே என்று ரசிகருக்கு ஒரு நிமிடம்கூடக் குழப்பம் வருவதில்லை. அந்த வசதி மாணவனுக்குக் கிடையாது. புது வீட்டில் படி வலது பக்கம் இருந்தால், பின்தொடரும் காட்சிகள் மொத்தத்தையும் வலது பக்கத்துக்கு மாற்றியாக வேண்டும். அல்லது படியே கண்ணில் படாதபடி எழுத வேண்டும்.

சின்ன விஷயங்கள் காலை வாருவது அதிகம். நம் ஊர் வீடுகளில் முதல் எதிரி தரை. பழைய வீட்டில் மொசைக், புது வீட்டில் பளபளக்கும் டைல்ஸ். காலடியைக் காட்டாமல் திகில் படம் எடுப்பது கஷ்டம், காட்டினால் குட்டு உடைந்துவிடும். ஒரு ஜமுக்காளம் விரித்துச் சமாளிக்கலாம். அடுத்தது ஜன்னல் கம்பி. குறுக்குக் கம்பியா, பூ வேலையா என்பதைச் சுவரில் விழும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். கிழக்கு ஜன்னலில் வந்த காலை வெயிலை மேற்கு ஜன்னல் வீட்டில் சாயங்காலம்தான் எடுக்கமுடியும்; அதற்குள் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு அறைக்கும் தனி மௌனம் இருக்கிறது. ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை அணைத்து, யாரும் பேசாமல் நின்றாலும் மைக் எதையோ பதிவு செய்கிறது. அதை ஒரு நிமிடமாவது தனியே பதிவு செய்து வைக்கவேண்டும் என்பது எடிட்டிங் வகுப்பின் பழைய பாடம். பழைய வீட்டை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் அதை மறந்த குழு, எடிட்டிங் மேஜையில்தான் அழுகிறது. படத்தில் வெட்டு தெரியாது, காதில் கேட்கும்.

பிலிம் இருந்த காலத்தில் இந்த மறுபடப்பிடிப்புக்கு ஒரு கடிவாளம் இருந்தது. 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் ஓடுவது நாலரை நிமிடம்கூட இல்லை. தலையை எண்ணிச் சோறு போடுவதுபோல் ஷாட்டுக்கு இத்தனை அடி என்று அளந்து தருவார்கள். டிஜிட்டலில் ஷாட்டுக்கு விலை இல்லை. அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற மயக்கம் வந்திருக்கிறது. கேமராவுக்கு விலை இல்லைதான். கதாநாயகி செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். வில்லன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இதற்கெல்லாம் மெமரி கார்டில் இடம் கிடையாது.

இடத்தை ஒட்டவைக்கும் வித்தையை முதன்முதலில் பாடமாகவே நடத்தியவர், ரஷ்யாவின் லெவ் குலெஷோவ். அதைச் செய்துகாட்டியதும் மாணவர்களைக் கொண்டுதான். புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் பிலிமுக்கே பஞ்சம். 1920 வாக்கில் தன் மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பெண் நகரத்தின் ஒரு மூலையில் நடக்கிறாள், ஒரு ஆண் வேறொரு மூலையில். கோகோல் சிலை அருகே சந்திக்கிறார்கள். இருவரும் ஒரு திசையில் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது வாஷிங்டன் வெள்ளை மாளிகை, ஏதோ அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியது. இருவரும் படியேறுகிறார்கள், அது மாஸ்கோவின் ஒரு தேவாலயப் படி. பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே இடமாகத் தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கை: கைகுலுக்கும் நெருக்கமான ஷாட்டை எடுக்க நேரமில்லாமல், பிறகு வேறு இரண்டு பேரின் கைகளைக் கொண்டு முடித்திருக்கிறார்கள். போலி ஷெம்ப் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே ஒரு போலிக் கை.

நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. சத்யஜித் ரே மாணவர் இல்லை, விளம்பரக் கம்பெனி ஊழியர். ஆனால் அவர் குழு கிட்டத்தட்ட மாணவர் குழு. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதுகளின் தொடக்கம்தான், அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதில்லை. 1952 அக்டோபரில் பர்தமான் மாவட்டம் பால்சிட் அருகே, நாணல் பூத்த வெளியில் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் காட்சியை எடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் படப்பிடிப்பு. அடுத்த தடவை போனால் பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன. இடம் மாறவில்லை, ஆனால் இடம் இல்லாமல் போய்விட்டது. ரே வேறு வெளியைத் தேடவில்லை. அடுத்த வருடப் பூவுக்குக் காத்திருந்தார். அதே ரே, படத்தின் கிராமத்தைக் கொல்கத்தாவின் தென்கோடியில் உள்ள போராலில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து குழந்தைகள் நடந்தே போய் ரயில் பார்க்கும் வெளியோ மாவட்டம் தாண்டி இருக்கிறது. மிட்டாய்க்காரராக நடித்தவர் நடுவில் இறந்துபோனபோது, அதே உடல்வாகுள்ள இன்னொருவரின் முதுகு உதவிக்கு வந்தது. பின்னால் ஓடும் நாயும் இரண்டு நாய். பூவுக்காக ஒரு வருடம் காத்தவர், நாய்க்காக ஒரு நாளும் காக்கவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிப்ளமா படத்தை மார்ச்சுக்குள் கொடுக்கவேண்டிய மாணவனுக்கு அந்த ஒரு வருடம் கிடைக்காது. ஆனால் அந்தப் பாகுபாடு இலவசம்.

புது இடத்துக்குப் போகும் மாணவர்கள் சாதாரணமாக மறப்பது ஒன்று உண்டு. பழைய தெருவில் நாலு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. டீக்கடைக்காரர்கூட ‘ஆக்‌ஷன்’ சொல்ல ஆரம்பித்திருப்பார். புதுத் தெருவுக்கு எதுவும் தெரியாது. இருட்டில் முகமூடியோடு ஒருவன் சுவர் ஏறுவதையும், ஒரு பெண் அலறுவதையும், ஒருவன் பொம்மைத் துப்பாக்கியை நீட்டுவதையும் எதிர் வீட்டுப் பாட்டி நிஜம் என்றுதான் நம்புவார். நம்பவும் வேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும், முதல் நாளே பத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வதும் சலிப்பான வேலை. துப்பாக்கியை ஒருவன் கூட்டத்தில் பிடுங்கிப் பார்க்கும்போது அந்தச் சலிப்பு பெரிதாகத் தெரியாது.

‘ஈவில் டெட்’ 1981 அக்டோபரில் டெட்ராய்ட்டில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. படத்தொகுப்பில் உதவியாக இருந்தவர்களில் ஒருவர் ஜோயல் கோயன். சில வருடங்களில் தம்பியோடு சேர்ந்து அவரும் ஒரு த்ரில்லரோடு களத்தில் இறங்கினார். டென்னஸியில் இருந்த அந்த மரவீடு இப்போது இல்லை. குலெஷோவின் மாணவர்கள் படியேறிய தேவாலயத்தையும் 1931இல் இடித்துத் தள்ளினார்கள். பிறகு 1990களில் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். மரவீட்டைத் திரும்பக் கட்ட யாரும் வரவில்லை. ரசிகர்கள் மட்டும் இன்னும் அந்தக் காட்டைத் தேடிப் போகிறார்கள். புகைபோக்கி நின்ற இடத்தில் கொஞ்சம் கல் கிடக்கிறது. பாதாள அறை மிஷிகனில்.