கடல் நடுவே ஒரு தீபாவளி



பண்டிகை என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வருகின்றன? எண்ணெய்க் குளியல், புதுத்துணி, முறுக்குச் சுடும் வாசனை, வாசலில் வந்து நிற்கும் உறவுக்காரர்கள். இவற்றில் எதுவுமே இல்லாத இடத்தில் இருக்கும்போது பண்டிகை வந்துவிட்டால்? வீடு இல்லை, வாசல் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான்! அப்படி வந்த ஒரு தீபாவளியைப் பற்றி இந்த முறை சொல்லப் போகிறேன்.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, இந்தியாவில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. அதன் நீளம் 56 அடிதான். ஏறியவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே பெண்கள். இந்தியக் கடற்படை அதிகாரிகள். தலைவி வர்த்திகா ஜோஷி. உடன் சென்றவர்கள் பிரதிபா ஜம்வால், சுவாதி, விஜயா தேவி, ஐஸ்வர்யா, பாயல் குப்தா. ஒடிசா மாநிலத்தில் ஒரு குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் தாரா தாரிணி அம்மன், கடலில் செல்வோரைக் காப்பவள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. அவள் பெயரைத்தான் படகுக்குச் சூட்டினார்கள்.

அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 18-ஆம் தேதி வந்தது. தாரிணி அப்போது இந்து மாக்கடலில், ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டல் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோவாவை விட்ட பிறகு எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்களுடன் பேசித் தீபாவளி வாழ்த்துச் சொன்னார். இருவருக்கு அடுத்த சில நாட்களில் பிறந்த நாள் வரவிருந்தது; அதற்கும் சேர்த்தே வாழ்த்தினார். அக்டோபர் 23-ஆம் தேதிதான் அவர்கள் கரையைத் தொட்டார்கள்.

பட்டாசு இல்லாத தீபாவளியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடலில் வாணம் விளையாட்டல்ல. நடுக்கடலில் சிவப்பு வாணம் ஒன்று எழுந்தால், "ஆபத்து, காப்பாற்றுங்கள்" என்று பொருள். அதைப் பார்க்கும் கப்பல் தன் வழியை விட்டுத் தேடி வரும். அதனால் வேடிக்கைக்காக அதைக் கொளுத்தவே கூடாது. மேலும், படகில் இருப்பவர்கள் புயலுக்கு அஞ்சுவதைவிடத் தீக்கு அதிகம் அஞ்சுவார்கள். தீப்பிடித்தால் ஓடி நிற்பதற்கு வெளியே ஓர் அடி நிலம் கிடையாதே!

இத்தகைய படகுகளில் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும் தெரியுமா? நமக்குப் பெரட்டு விடியற்காலையில்தான். அங்கே இரவு பகல் எந்த நேரமும் பெரட்டுத்தான். முறை வைத்துக்கொண்டு சிலர் விழித்திருந்து படகை ஓட்ட வேண்டும், மற்றவர்கள் தூங்கலாம். இரவில் மேல்தளத்தில் நிற்பவர் இடுப்பு வாரைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்வார். தவறி விழுந்தால் இருட்டில் கண்டுபிடிப்பது அரிது.

சமையல்தான் பெரிய வித்தை. படகு சாயும்; அடுப்பு சாயக் கூடாது. அதற்காக அடுப்பைத் தொட்டில் போல் ஆடும்படி மாட்டியிருப்பார்கள். மூடியை இறுக்கிப் பூட்டும் பிரஷர் குக்கர் இங்கே பெரிய துணை. சாய்ந்தாலும் குழம்பு கொட்டாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பல நாள் தாங்கும். கீரையும் தக்காளியும் முதலில் தீர்ந்துவிடும். பிறகு பச்சைக்கு என்ன செய்வது? பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டுவார்கள். பாத்திரங்களைக் கடல் நீரில் கழுவிக் குடிதண்ணீரை மிச்சப்படுத்துவார்கள். உப்புப் பட்ட துணி எளிதில் காய்வதில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மழை பெய்தால் துணி துவைக்கக் கொண்டாட்டம்தான்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூசிலாந்திலிருந்து கிழக்கே போனால் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்ததும் நேற்றைய தேதியே மறுபடியும் வரும்! கிறிஸ்துமஸ் நாளில் கடந்தால் இரண்டு கிறிஸ்துமஸ் கிடைக்கும். தாரிணி டிசம்பர் 12-ஆம் தேதி நியூசிலாந்தின் லிட்டெல்டனை விட்டது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பசிபிக் மாக்கடலின் குளிரிலேயே வந்து போயின. ஜனவரியில், தென் அமெரிக்காவின் முனையான ஹார்ன் முனையை, மாலுமிகள் நடுங்கும் அந்த இடத்தை, கடந்தார்கள்.

இதற்கு முன் ஒருவர் தன்னந்தனியாகவே பண்டிகை கொண்டாடியிருக்கிறார். இங்கிலாந்துக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்ற 32 அடிப் படகில், 1968 ஜூன் முதல் 1969 ஏப்ரல் வரை 312 நாட்கள் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். தனியாக, நிற்காமல் சுற்றியவர்களில் அவரே முதல்வர். 1968 கிறிஸ்துமஸ் அன்று அவர் பசிபிக்கில் இருந்தார். கேட்க ஆளில்லாத கடலில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார். அதே நாட்களில் மூன்று அமெரிக்கர் சந்திரனைச் சுற்றிவருவதை வானொலியில் கேட்டறிந்தார்.

சகோதரிகளே, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? "மகனுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. இந்த வருடம் அடுப்பே மூட்டவில்லை" என்று எழுதுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். "ஊரார் பார்க்க வேண்டுமே என்று கடன் வாங்கிக் கொண்டாடினேன், தைப்பூசம் வரைக்கும் கட்டி முடியவில்லை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அலைநடுவே இருப்பவர்களுக்குக் கடையும் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை, உறவும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் நாள் வந்தால் நாளை மதித்தார்கள்.

மகன் வராவிட்டால் ஏக்கம் இருக்கத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளக்கை ஏற்றுங்கள். கையில் இருப்பதைக் கொண்டு ஒரு பாயசம் வையுங்கள். தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டு, "குளித்தாயா, சாப்பிட்டாயா" என்று கேளுங்கள். வீட்டில் பண்டிகை நடக்கிறது என்று தெரிந்தால்தான் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கும் அது பண்டிகை.

அந்த ஆறு பெண்களும் வழியில் சுக்கான் பழுதாகி, மொரீஷியசில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு, 254 நாட்களுக்குப் பிறகு, 2018 மே 21-ஆம் தேதி நலமாகக் கோவா திரும்பினார்கள். வெளியூர் போன நம் பிள்ளைகளும் ஒருநாள் வந்து சேருவார்கள். அதுவரை வாசல் விளக்கு எரியட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.