பெரிய பிஸ்டன் போட்டால் பெரிய வண்டி ஆகிவிடாது



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். கோபமும் இருக்கும். யார் மேல் என்பது படித்தால் தெரியும்.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு போன் செய்துவிட்டார்கள். "சார், பழைய ஹிமாலயன் 411 ஒண்ணு நல்ல விலைக்குக் கிடைச்சுது. பிக் போர் கிட் போட்டுடலாமா?" மூவரில் ஒருவன் அதற்காக வீட்டு நகையை அடகு வைக்க யோசிக்கிறான். மூவருக்கும் போனில் "வேண்டாம்" என்றேன். மூவரும் "சரிங்க சார்" என்றார்கள். அந்தச் "சரிங்க சார்" என்ன அர்த்தம் என்று முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியாதா? கேட்டாயிற்று, இனி நம் இஷ்டம் என்று அர்த்தம். அதனால் காரணத்தை எழுதியே வைத்துவிடுகிறேன்.

விஷயம் தெரியாத உறவுகளுக்காக: தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஓடக் கூடிய வண்டிக்கு டூயல் ஸ்போர்ட் என்று பெயர். பிக் போர் கிட் என்பது அதே எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டத்தைப் பெரிதாக்கி, பெரிய பிஸ்டனைப் போடுவது. கிராங்க், கியர்பாக்ஸ், பிரேக், ஃபிரேம் எல்லாம் பழையதே.

முதலில் கணக்கு. ஹிமாலயன் 411க்கு போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 86 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 411 சிசி வரும். போரை 82.5 மி.மீ. ஆக்கினால் 460 சிசி. 12 விழுக்காடு கூடுதல். கம்பெனி கணக்குப்படி இந்த எஞ்சின் தருவது 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 12 விழுக்காடு அப்படியே கிடைத்தாலும் 3 குதிரை. அப்படியே கிடைக்காது. ஏனென்றால் காற்று உள்ளே வரும் வழி அதேதான். இரண்டே வால்வு, அதே அளவு. அதே போர்ட், அதே த்ராட்டில் பாடி. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடியது போலத் தெரியும், உண்மையிலேயே கொஞ்சம் கூடும். மேலே போகப் போக எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சொம்பைப் பெரிதாக்கினால் குழாயில் வரும் தண்ணீர் கூடிவிடுமா?

இந்தக் கணக்கை ராயல் என்ஃபீல்டே நமக்குப் போட்டுக் காட்டிவிட்டது. வேறெங்கோ இல்லை, நம் சென்னைப் பக்கத்துக் கம்பெனிதான். 2016ல் 411ஐக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் அடுத்த ஹிமாலயனைக் கொண்டுவந்தார்கள், 452 சிசி. கொள்ளளவு கூடியது 10 விழுக்காடு. திறன் 24லிருந்து ஏறக்குறைய 40 குதிரையாகிவிட்டது, அறுபது விழுக்காட்டுக்கும் மேல். எங்கிருந்து வந்தது? இரண்டு வால்வு நான்கு ஆனது. தலையில் இரண்டு கேம்ஷாஃப்ட் வந்தது. ஆயில் கூலருக்குப் பதில் ரேடியேட்டர் வந்தது. கம்ப்ரெஷன் 9.5லிருந்து 11.5 ஆனது. ஐந்து கியர் ஆறு ஆனது. போர் 84 ஆனது சரிதான், ஆனால் ஸ்ட்ரோக்கை 81.5க்குக் குறைத்துவிட்டார்கள், வேகமாகச் சுற்றினாலும் தாங்க வேண்டும் என்பதற்காக. கிராங்க்கேஸ், ஃபிரேம் உட்பட எல்லாமே புதிது. பெரிய பிஸ்டன் ஒன்றைச் செருகினால் போதும் என்றிருந்தால், அத்தனை கோடி செலவழித்த பொறியாளர்களுக்கு அது தெரியாமலா போயிற்று? ரீல்ஸ் போடும் தம்பிக்கு மட்டும் தெரிந்துவிட்டதா?

அடுத்தது, அந்த 12 விழுக்காட்டை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் அதேதான் என்று வைத்தாலும், பிஸ்டன் தலையின் பரப்பு 12 விழுக்காடு கூடிவிட்டது. கனெக்டிங் ராடுக்கும், பிக் எண்ட் பேரிங்குக்கும், ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுக்கும் விசை 12 விழுக்காடு கூடும். ஸ்டட் அதே ஸ்டட். பேரிங் அதே பேரிங்.

அழுத்தமும் அதே அளவில் நிற்காது. 9.5 கம்ப்ரெஷன் என்றால் ஹெட்டில் மிச்சம் இருக்கும் இடம் 48 சிசி சொச்சம். அதே இடத்துக்குள் 460 சிசியை அமுக்கினால் 10.5 ஆகிவிடும். பிஸ்டன் தலையைக் குழித்து அதைச் சரிக்கட்டியிருக்கிறார்களா? கிட் விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் பாக்கெட்டில் கை வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பதில் தெரியாமல் வண்டியில் ஏற்றியதைத்தான் சித்திரை வெயிலில், இரண்டாவது கியரில், ஆள் ஏற்றி மலை ஏறும்போது "டிக் டிக்" என்று நாக்கிங் சத்தமாகக் கேட்பீர்கள்.

எடையையும் கணக்கில் எடுங்கள். பெரிய பிஸ்டன் 50 கிராம்தான் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 6500 ஆர்பிஎம்மில் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நின்று திரும்பும் அந்த நொடியில் ஒவ்வொரு கிராமும் 2 கிலோவுக்கு மேல் இழுக்கும். பதினோராம் வகுப்பு சூத்திரம்தான், ஆரத்தைக் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 50 கிராம் 100 கிலோவுக்கு மேலாகிவிடுகிறது. ஒரு நொடிக்கு 108 தடவை. இந்த இழுப்புக்குத் தகுந்தபடிதான் கிராங்க்கில் எதிர்எடையைத் தொழிற்சாலையில் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் எடை மாறினால் அந்தச் சமநிலையும் போயிற்று. "ஹேண்டில்பார் லைட்டா அதிருது சார்" என்று பிறகு வருவீர்கள். அது எஞ்சின் உங்களுக்கு எழுதும் கடிதம்.

இன்னொன்று பெட்ரோல் கணக்கு. இன்றைய வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை இசியூ முடிவு செய்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திவிடும். முழுத் த்ராட்டிலில் அது சென்சாரைக் கேட்காது. தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைத்தான் படிக்கும். அந்த அட்டவணை 411 சிசிக்கு எழுதியது. காற்று கூடி, பெட்ரோல் கூடவில்லை என்றால் கலவை மெலிந்து சூடு ஏறும். அதற்கு ரீமேப் என்று தனிச் செலவு. டைனோவில் ஏற்றிப் பார்த்து எழுதுகிறவர் ஒருவர் என்றால், லேப்டாப்பைத் திறந்து எங்கிருந்தோ எடுத்த ஃபைலை ஏற்றுகிறவர் பத்துப் பேர்.

இப்போது என் மாணவர்களில் லேத் போட்டிருப்பவர்களுக்கும் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்களுக்கும். உங்களுக்குத்தான் உரிமையோடு சொல்கிறேன். ரீபோர் நல்ல தொழில், மானமுள்ள தொழில். தேய்ந்த சிலிண்டரை அளந்து, கால் மி.மீ., அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு வெட்டி, ஹோனிங் போட்டுக் கொடுத்து எத்தனையோ புல்லட்களுக்கு மறுபிறவி கொடுத்தவர்கள் நீங்கள். அது வைத்தியம். நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரித்து இரண்டே கால் மி.மீ. சுவரைச் சுற்றிலும் சீவி எடுப்பதை வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். இன்று பல சிலிண்டர்களின் உள்சுவரில் கடினமான பூச்சு இருக்கிறது. வெட்டினால் அதுவும் போகும். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு வார்ப்புப் பிஸ்டனை விட இடைவெளி அதிகம் வேண்டும், சூட்டில் அது அதிகம் விரியும். போர் டயல் கேஜ் இல்லாமல், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பார்க்காமல், ரிங் கேப்பை ஃபீலர் கேஜில் பார்க்காமல், "கை பக்குவம் சார்" என்று மாட்டிக்கொடுக்கும் பட்டறைகளைப் பார்த்து வருகிறேன். நூறில் ஒரு பங்கு மி.மீ. கை பக்குவத்தில் தெரியாது. கஸ்டமர் கேட்கிறார் என்பதற்காகச் செய்யாதீர்கள். டாக்டரிடம் போய் "எனக்கு இந்த ஊசிதான் வேணும்" என்றால் நல்ல டாக்டர் போட்டுவிடுவாரா?

"அமெரிக்காவில் எல்லோரும் போடுகிறார்கள் சார்" என்று ஒருவன் சொன்னான். போடுகிறார்கள். அங்கே பேர் போனது கவாசாகி கேஎல்ஆர் 650க்கு வரும் 685 கிட். அதை ஏன் போட்டார்கள் என்று அவன் படிக்கவில்லை. 2008ல் மாற்றி வந்த அந்த மாடலில் பல வண்டிகள் எஞ்சின் ஆயிலைக் குடித்தன. போரைச் சிறிதளவு வெட்டி, எடை குறைந்த நல்ல பிஸ்டனைப் போட்டால் ரிங் ஒழுங்காக உட்கார்ந்து அந்த நோய் தீர்ந்தது. கொள்ளளவு கூடியது 5 விழுக்காடுதான். திறனுக்காக மட்டும் போட்டவர்களும் உண்டு. ஆனால் அது பேர் வாங்கியது மருந்தாக. அதைக் காட்டி நோயில்லாதவனுக்கு மருந்து கொடுக்கலாமா?

"என் ஃபிரண்டு போட்டு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டான்." ஓட்டியிருப்பான். தப்பித்தவன் வீடியோ போடுவான். எஞ்சின் பிடித்து நடுரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டவன் வீடியோ போடும் நிலையில் இருக்க மாட்டான்.

"லடாக் ஏற்றத்துக்கு வேணும் சார்." கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உங்கள் 3 குதிரையும் அங்கே ஒன்றரை ஆகிவிடும். அந்த ஒன்றரைக் குதிரைக்காக, பக்கத்து மெக்கானிக் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்கு, ஊருக்குள் எந்தக் கடையிலும் உதிரி கிடைக்காத ஒரு எஞ்சினோடு போகப் போகிறீர்களா? டூயல் ஸ்போர்ட் வண்டியின் பெருமையே எங்கே நின்றாலும் சரி செய்துகொண்டு திரும்பி வரலாம் என்பதுதானே.

சட்டம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்சியை எடுத்துப் பாருங்கள், சிசி என்று ஒரு வரி இருக்கும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் ரோட்டில் நிறுத்தி சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். விபத்து என்று ஒன்று நடந்து, சர்வேயர் வந்து, வண்டியில் சொல்லாத மாற்றம் இருக்கிறது என்று எழுதினால், இன்சூரன்ஸ் கேள்வி கேட்க வழி பிறந்துவிடும். அப்போது கோர்ட்டுக்கு அலைவது நீங்கள் மட்டுமா? அப்பா அலைவார், மாமனார் அலைவார். "என் காசு, என் வண்டி" என்ற பேச்சு அங்கே எடுபடாது. வண்டி உங்களுடையது, ரோடு எல்லோருடையதும்.

வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டுப் போவது வாத்தியார் வேலை இல்லை. இழுவைதானே வேண்டும்? முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல்லை 14 ஆக்குங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவிசை எல்லாக் கியரிலும் 7 விழுக்காடு கூடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மலைக்குப் போகிறவனுக்கு அது நஷ்டமில்லை. வண்டி சுமார் 200 கிலோ, நீங்கள் 70, சாமான் 30. மொத்தம் 300. சாமானில் 20 கிலோவை வீட்டில் வையுங்கள், இன்னொரு 7 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் ஏற்றத்தில் கிட்டுக்குச் சமம், ஒரு போல்ட்டைக் கூட எஞ்சினில் தொடாமல். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர், புது பிரேக் பேட், உங்கள் எடைக்கு ஏற்ற சஸ்பென்ஷன் ஸ்பிரிங். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறியவன் அதே 70ஐ இறங்கவும் வேண்டும். இறங்கும்போது காப்பாற்றுவது பிஸ்டனா, பிரேக்கா?

இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். ஹீரோ எக்ஸ்பல்ஸுக்கு அந்தக் கம்பெனியே ரேலி கிட் என்று ஒன்று விற்றது. உயரமான சஸ்பென்ஷன், மண் பாதை டயர், சீட், ஹேண்டில்பார் ரைசர், நீளமான கியர் லீவர். எஞ்சினைத் தொடவே இல்லை. காட்டுப் பாதையில் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மேலும் 40 குதிரைதான் வேண்டும் என்றால், 411ஐ விற்றுவிட்டு 450ஐ வாங்குங்கள். 40 குதிரைக்குக் கட்டிய எஞ்சின், 40 குதிரைக்குக் கட்டிய பிரேக், வாரண்டி, ஆர்சியில் பொய்யில்லாத வரி. இப்போது பணம் இல்லையா, இரண்டு வருடம் பொறுங்கள். நகை லாக்கரிலேயே இருக்கட்டும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டும் வண்டி, அளந்து செய்யும் ஆள், டைனோ, மாற்று எஞ்சினுக்குப் பணம் எல்லாம் உள்ளவர் தாராளமாகப் போடட்டும். அவருக்கு என் பதிவு தேவையில்லை.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். சூடாகவே எழுதலாம், வருத்தப்பட மாட்டேன். ஆனால் "சும்மா பறக்குது சார்" என்று எழுதாதீர்கள். போர் எவ்வளவு, கிளியரன்ஸ் எவ்வளவு, கிட் போடும் முன்னும் பின்னும் டைனோவில் எவ்வளவு என்று மூன்று எண்ணைக் கொண்டு வாருங்கள். எண்ணோடு வந்தால் உட்கார்ந்து பேசுவோம்.

ஓட்டும்போது ஹெல்மெட் போடுங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

நலமாக இருங்கள்.