பூட்டு ஊருக்கு எந்த மேஜிக்காரர்?

திண்டுக்கல்லில் காதுகுத்து, பிறந்தநாள் என்றால் பிரியாணி மாஸ்டரை நாலு பேரிடம் விசாரித்துத்தான் அமர்த்துகிறார்கள். மேஜிக்காரரை மட்டும் செல்போன் வீடியோவைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். வெட்டி ஒட்டிய வீடியோவில் யார் வேண்டுமானாலும் புறாவை வரவழைக்கலாம். அவர் நடத்தும் நிகழ்ச்சி ஒன்றை நேரில் பார்ப்பதே சரி.

வித்தை கூட்டத்துக்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அவள் எழுவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் இறந்துவிட்டாளோ என்று பதறியவர்களின் அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன. சர்க்காருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த வித்தைதான். ஆனால், நாலு வயதுப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரும் மண்டபத்துக்கு அது ஆகாது.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்: பார்ப்பவர்கள் யார், எத்தனை நிமிடம், மேடை எப்படி? நாலாபுறமும் கூட்டம் சூழ்ந்தால் பல வித்தைகளின் சாயம் வெளுத்துவிடும். பச்சைக்கிளி, பாம்பு கொண்டுவருகிறேன் என்றால் மறுத்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. விருந்தினர் கொண்டுவரும் அந்தப் பூட்டையே மேடையில் திறந்து காட்டுகிறேன் என்று ஒருவர் துணிந்தால், முன்பணத்தை அவரிடமே கொடுக்கலாம்.