சின்னச் சொல்லைக் கொண்டு பெரிய சொல்லைத் திறப்போம்



சென்ற முறை கடைத்தெருவில் நம் கண்ணில் படும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்தோம். அவற்றை நோட்டில் எழுதிப் படித்ததாகச் சில தாய்மார்கள் பள்ளி வாசலில் என்னிடம் சொன்னார்கள். மனத்துக்கு நிறைவாக இருந்தது. இம்முறை பாடத்துக்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்த கதை.

எங்கள் செமினியில் ஒரு மாலை நேரம். என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த அக்கா இருபது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் தாமானாக மாறிய பிறகு துப்புரவு வேலைக்குப் போகிறார். கையில் ஒரு பழுப்பு நிற உறை.

"மூணாவது கடுதாசி டீச்சர். படிக்கவே பயமா இருக்கு" என்றார்.

உறவுக்காரப் பையன் ஒருவன் கார் வாங்கக் கடன் எடுத்திருக்கிறான். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் சித்தி" என்று சொல்லி இவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். நான்கு மாதமாக அவன் பணம் கட்டவில்லை. இப்போது கடிதம் இவரைத் தேடி வருகிறது.

"அந்தக் காரில நான் ஒரு நாளும் ஏறலியே டீச்சர்!"

அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர். ஆங்கில எழுத்துகள் தெரியும். தம் பெயருக்குக் கீழே இருந்த சொல்லை எழுத்துக் கூட்டி அவரே படித்தார்: கேரண்டர். படிக்க முடிந்தது, பொருள் தெரியவில்லை. மகள் கைப்பேசியில் தட்டிப் பார்த்து, "உத்தரவாதம் அளிப்பவர்னு போட்டிருக்கும்மா" என்றாள். "அப்படின்னா?" என்று அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

நான் அந்த உறையின் பின்புறத்தில் ஒரு வரி எழுதினேன்.

இஃப் ஹீ டஸ் நாட் பே, யூ பே. அவன் கட்டாவிட்டால் நீ கட்டு.

அக்கா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அத்தனையும் அவருக்குத் தெரிந்த சொற்கள். சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை அன்னைக்கே யாராச்சும் இப்படி எழுதிக் காட்டியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?" என்றார்.

வாசகர்களே, அந்தக் கேள்வி என்னைத்தான் சுட்டது. ஏனென்றால் அவருடைய மகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் முதல் சில ஆண்டுகளில் கடினமான சொல்லுக்கு இன்னொரு கடினமான சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நான். பிள்ளைகள் அதை அழகாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பூட்டுக்குச் சாவியாக இன்னொரு பூட்டையே கொடுத்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

இதைப் பற்றி ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலேயர். அன்றைய வங்காளத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அங்கே பிள்ளைகள் பலர் படிப்பை முடிக்காமல் பாதியிலேயே நின்றுவிடுவதை அவர் கண்டார். பத்து ஆண்டுகள் படித்தால்தான் பயன் என்று பாடத்தை அமைத்தால், மூன்றாம் ஆண்டில் நின்றுவிடும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்?

இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கு இது புரியும். பாதியில் நிறுத்தினாலும் கட்டிய பணத்துக்கு ஒரு தொகை திரும்பி வரும் அல்லவா? அதற்குச் 'சரண்டர் வேல்யூ' என்று பெயர். மொழிப் பாடத்துக்கும் அந்த மதிப்பு வேண்டும் என்றார் வெஸ்ட். எந்த ஆண்டில் நின்றாலும் அதுவரை படித்தது கைக்கு உதவ வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்களைப் பெற்றோராகவும் உறவினராகவும் கொண்ட நமக்கு இதைவிட நெருக்கமான பேச்சு வேறு என்ன இருக்க முடியும்?

வெஸ்ட் பேசியதோடு நிற்கவில்லை. 1935இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் ஏறக்குறைய 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் பொருள் உண்டு. ஆனால் பொருள் சொல்ல அவர் பயன்படுத்தியது 1,490 எளிய சொற்களை மட்டுமே. அவற்றைக் கற்றுக்கொண்டவர் மற்றவற்றைத் தாமே திறந்து பார்க்கலாம். 1978இல் வந்த லாங்மேன் அகராதியும் ஏறக்குறைய 2,000 சொற்களை வைத்துக்கொண்டு இவ்வழியே சென்றது.

அவருக்குச் சற்று முன்பு, 1930இல், ஆக்டன் என்ற இன்னோர் ஆங்கிலேயர் 850 சொற்கள் போதும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் வினைச்சொற்கள் வெறும் பதினெட்டுத்தான். கோ, கம், புட், டேக், கிவ், கெட் போன்றவை. 'என்டர்' என்பதற்குக் 'கோ இன்'. 'ரிமூவ்' என்பதற்கு 'டேக் அவே'. தொழிற்சாலைச் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையில் 'எக்ஸ்டிங்குவிஷர்' என்று வாய்க்குள் நுழையாத ஒரு சொல் இருக்கிறதே, அதன் வேலை 'புட் அவுட்' செய்வது, அதாவது நெருப்பை அணைப்பது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சின்னச் சொற்கள் சேரும்போது சில வேளை பொருள் மாறிவிடும். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப் போடு. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். இது என்ன அநியாயம் என்று கேட்காதீர்கள். நம் தமிழிலும் கை ஒன்றுதான். கைகொடு, கைவிடு, கைநீட்டு, கைவை என்றால் நான்கும் ஒன்றா? ஆகவே இத்தகைய சேர்க்கைகளைத் தனிச் சொல்லாகவே நினைத்துப் படியுங்கள்.

இனி இந்த இதழின் பாடம். எல்லாமே கடிதத்திலும் ரசீதிலும் வரும் சொற்கள்.

1. விட்னஸ்: ஹீ சீஸ் யூ சைன். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பவர்; சாட்சி.

2. கேரண்டர்: இஃப் ஹீ டஸ் நாட் பே, யூ பே. பிணை நிற்பவர். சாட்சி வேறு, பிணை வேறு. இதை மறக்கவே வேண்டாம்.

3. டியூ: யூ பே பை திஸ் டே. இந்த நாளுக்குள் கட்ட வேண்டும்.

4. ஓவர்டியூ: தி டே இஸ் கான். யூ டிட் நாட் பே. நாள் போய்விட்டது, நீங்கள் கட்டவில்லை.

5. ரிஃபண்ட்: தே கிவ் பேக் யுவர் மணி. உங்கள் பணத்தைத் திருப்பித் தருவார்கள். 'நோ ரிஃபண்ட்' என்று கடையில் எழுதியிருந்தால் கொடுத்த காசைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள்.

6. எக்ஸ்பயர்ட்: தி டைம் இஸ் ஓவர். காலம் முடிந்தது. மருந்துப் புட்டியில் அந்தத் தேதி கடந்துவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

இவற்றை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை எழுத்தைச் சொல்லட்டும். நீங்கள் பொருளைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் தெரியும் என்று பிள்ளை அறிவது நல்லது. நோட்டில் மூன்று கோடு போட்டு, முதலில் பெரிய சொல், அடுத்து சின்ன ஆங்கிலச் சொற்களில் பொருள், கடைசியில் வீட்டில் பேசும் தமிழ். அகராதித் தமிழ் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்.

வீட்டுப் பாடமும் உண்டு. 'ரிசீட்', 'டெனண்ட்', 'எமர்ஜென்சி' ஆகிய மூன்றுக்கும் சின்னச் சொற்களில் பொருள் எழுதிப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.

நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் தன் மலேசிய வளாகத்தை 2005இல் எங்கள் செமினிக்குக் கொண்டு வந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் இங்கே வந்து ஆங்கிலத்தில் பெரிய பெரிய பாடங்களைப் படிக்கிறார்கள். அதே ஊரில் ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் மாதம் 180 வெள்ளியைத் தம் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார் அந்த அக்கா. கையெழுத்துப் போட்டாயிற்று, இனிக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சென்ற மாதம் அவரைச் சந்தையில் பார்த்தேன். வேலையிடத்தில் ஏதோ பாரம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்களாம். "நாளைக்குத் தர்றேன்னு சொல்லி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன் டீச்சர். மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா சின்னச் சொல்லுல எழுதிப் பார்த்தோம். அப்புறந்தான் போட்டேன்" என்றார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். புரியும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.