ஒரே குண்டை நம்பித் திருகாதீர்கள்

திரைப்படத்தில் துப்பாக்கிமீது தொலைநோக்கியை மாட்டியதும் குறி தப்பாது. உண்மையில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது, மாணவர்களே. குறியை மேல் கீழாக நகர்த்த ஒரு திருகு, இடம் வலமாக நகர்த்த மற்றொன்று. பல கருவிகளில் ஒரு ‘கிளிக்’ திருகினால், 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மாறும்.

பயிற்சி பெற்றவர் முதல் குண்டு தவறியதும் திருகைத் தொடமாட்டார். துப்பாக்கியை அசையாமல் தாங்கி வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்து மூன்று முதல் ஐந்து முறை சுடுவார். துளைகள் நெருக்கமாக ஒரு பக்கம் விழுந்தால், அவற்றின் நடுவிலிருந்து அளந்து திருகுவார். சிதறி விழுந்தால்? தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்கள் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பார்ப்பார். தளர்ந்த வளையத்தை எத்தனை கிளிக்கும் சரிசெய்யாது.

இந்தப் பொறுமை நம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. ஊசலின் அலைவு நேரத்தை ஒருமுறை அளக்கிறீர்கள்; பாடநூலோடு ஒத்துப்போகாவிட்டால் எண்ணையே ‘திருத்தி’விடுகிறீர்கள். (ஆசிரியருக்குத் தெரியாது என்ற நினைப்பு வேறு!) குற்றம் உங்கள்மீது மட்டுமல்ல, சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் போடும் எங்கள்மீதும்தான். சிதறிய ஐந்து அளவுகளையும் அப்படியே எழுதி, “நூல் முடிச்சு தளர்ந்திருந்தது, சார்” என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்கே நான் முழு மதிப்பெண் தருவேன்.